பொருத்தனை பாக்கி நிற்கிறது, நன்றி வரவில்லை

கேள்வி:

ஐயா, ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். போன வருஷம் மழைக்காலத்தில் பத்து வயது மகனுக்கு டெங்கு வந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத் தட்டணுக்கள் மிகவும் இறங்கிவிட்டன. முன்பின் தெரியாத இரண்டு கல்லூரிப் பையன்கள் வந்து ரத்தம் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மேலப்பாளையத்து அம்மா தன் பேரனுக்குக் கொண்டுவந்த கஞ்சியில் எங்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். பிள்ளை பிழைக்க மாட்டான் என்று நினைத்த ராத்திரியில், அவனைத் திருப்பித் தந்தால் 50,000 ரூபாய் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணினேன். கணவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மகன் இப்போது நன்றாக இருக்கிறான். சிறுகச் சிறுக 20,000 கொடுத்துவிட்டேன். அதற்காக என் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் மருந்துப் பணத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கூட்டுறவு சொசைட்டியில் ஏற்கெனவே நகைக் கடன் இருக்கிறது. மீதிக்குக் கையில் கிடக்கும் வளையலையும் அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஒரு கூட்டத்தில் பிரசங்கியார், 'பொருத்தனையைச் செலுத்தாத வீட்டுக்குள் வாதை வரும், செலுத்தினால் நூறு மடங்கு திரும்ப வரும்' என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. முன்பெல்லாம் காணிக்கை போடும்போது மனசு நிறைந்து போகும். இப்போது வட்டி கட்டுவது போல இருக்கிறது. எனக்கு நன்றியே இல்லாமல் போய்விட்டதா? நன்றி இல்லாமல் கொடுப்பதைக் கர்த்தர் ஏற்றுக்கொள்வாரா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வளையலை அடகு வைக்க வேண்டாம். காரணங்களைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் நீங்கள் சொசைட்டிக்குக் கிளம்பிவிடக் கூடாது என்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது பாக்கி நிற்கும் 30,000 ரூபாய் அல்ல, 'அன்றிலிருந்து தூக்கம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். மீதியைக் கட்டாவிட்டால் பிள்ளையை ஆண்டவர் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று பயப்படுகிறீர்கள். அதை வெளிப்படையாக எழுதவில்லை. ஆனால் அந்தப் பயம்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தப் பயம் உள்ளே இருக்கும்வரை நன்றி எப்படி வரும்? நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை, அம்மா. நன்றி சொல்ல விடாமல் பயம் உங்கள் வாயை அடைத்துவிட்டது.

லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் சுகமாகிறார்கள். ஒருவன் மட்டும், அதுவும் யூதர்கள் வெளியாராக ஒதுக்கிய சமாரியன், திரும்பி வந்து இயேசுவின் பாதத்தில் விழுந்து நன்றி சொல்கிறான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்கிறார். அவருக்கு அது வருத்தம்தான். ஆனால் அந்த ஒன்பது பேருடைய சுகத்தை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று அங்கே ஒரு எழுத்துகூடக் கிடையாது. நன்றி சொல்ல வராதவர்களின் உடம்பிலும் குஷ்டம் திரும்பவில்லை. இந்தப் பகுதியை வைத்து நம்முடைய சபைகளில் எத்தனையோ பிரசங்கங்கள் நடக்கின்றன. இதைச் சொல்லி நான் கேட்டது அபூர்வம். கொடுத்ததைப் பிடுங்குகிறவர் அல்ல நம்முடைய தேவன். உங்கள் மகன் அடமானத்தில் இல்லை. அவன் உங்களுக்குக் கிடைத்த ஈவு.

சரி, அப்படியானால் பொருத்தனை ஒன்றுமில்லை என்று விட்டுவிடலாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். பொருத்தனை பண்ணிச் செலுத்தாமல் இருப்பதைவிடப் பண்ணாமலே இருப்பது நல்லது என்று வேதத்தின் 'பிரசங்கி' புத்தகம் 5-ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. கர்த்தருக்கு முன்பாகச் சொன்ன வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதே வேதத்தில், லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். பொருத்தனை பண்ணினவன் குறித்த தொகையைச் செலுத்த முடியாத ஏழையாக இருந்தால், அவன் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும். ஆசாரியன் அவனுடைய திராணிக்கு ஏற்றபடி தொகையை மதிப்பிட வேண்டும். ஒரு மனிதன் இக்கட்டில் எதையாவது சொல்லிவிடுவான், பிறகு கையில் இருக்காது என்பது நியாயப்பிரமாணம் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு அவரே வழி வைத்திருக்கிறார். அது ஏய்ப்பதற்கான சந்து அல்ல. ஏழை வெட்கப்படாமல் வந்து நிற்பதற்கான இடம்.

ஆகையால் உங்கள் சேகர குருவிடம், அதாவது சபைப் போதகரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் கணவரிடம் பேசிவிடுங்கள். அன்னாள் பொருத்தனை பண்ணி சாமுவேலைப் பெற்றாள். பிள்ளையை எப்போது ஆலயத்துக்குக் கொண்டுபோவது என்பதை கணவன் எல்க்கானாவிடம் பேசித்தான் முடிவு செய்தாள். உங்கள் வீட்டுப் பணம் உங்கள் இரண்டு பேருடைய பணம். மகனுக்காக ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவரும்தான். அந்த நன்றியில் அவருக்கும் பங்கு கொடுக்காமல், நீங்கள் தனியாகத் தூக்கிச் சுமக்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நன்றிக்கும் கொடுப்பதற்கும் என்ன உறவு?

கொடுத்தால் நன்றி வந்துவிடும் என்றும், பெரிய தொகையாகக் கொடுத்தால் பெரிய நன்றி என்றும் நாம் பழகிவிட்டோம். வேதத்தில் அது வேறு மாதிரி நடக்கிறது. உபாகமம் 26-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அறுப்பில் முதற்கனியை எடுத்துக் கூடையில் வைத்து ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். கூடையைக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. நின்று ஒரு கதை சொல்ல வேண்டும். எங்கள் தகப்பன் நாடில்லாமல் அலைந்தவன், கொஞ்சம் பேராய் எகிப்துக்குப் போனோம், அங்கே ஒடுக்கப்பட்டோம், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இந்தத் தேசத்தைக் கொடுத்தார், இதோ அதன் கனி. நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம், யார் தூக்கி எடுத்தார் என்று வாயால் சொன்ன பிறகுதான் கூடை காணிக்கை ஆகிறது. அதற்கு அடுத்த வசனம் இன்னும் அழகு: அந்த நன்மையில் நீயும், ஆலய ஊழியம் செய்கிற லேவியனும், உன்னிடத்தில் இருக்கிற பரதேசியும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். பலிபீடத்தில் தொடங்கின நன்றி, அங்கேயே நின்றுவிடாமல், வெளியூர்க்காரனுடைய சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் போகிறது.

லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு நடைமுறையே இருக்கிறது. பொருத்தனைக்காகச் செலுத்தும் பலியின் மாம்சத்தை அன்றும் சாப்பிடலாம், மறுநாளும் சாப்பிடலாம். ஆனால் ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும். விடியும்வரை எதுவும் மீதி இருக்கக் கூடாது. அதோடு பலவகை அப்பங்களும் உண்டு. ஒரு ஆட்டையோ மாட்டையோ ஒரே நாளில் ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியுமா? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நன்றியைப் பூட்டி வைத்துக்கொள்ளவே முடியாதபடி அந்தச் சட்டம் அமைந்திருக்கிறது.

நம்முடைய திருநெல்வேலிச் சீமையின் அசனப் பண்டிகை எனக்கு இதனால்தான் பிடிக்கும். வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் தேங்காயும் கொடுத்து, ராத்திரி முழுக்க வாலிபர்கள் அண்டாவில் சமைத்து, மறுநாள் ஊரே வந்து சாப்பிடுகிறது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று சோற்றைப் பார்த்தால் தெரியாது. ஆயிரம் கொடுத்தவர் பக்கத்தில் ஒரு படி அரிசி கொடுத்தவரும் ஒன்றுமே கொடுக்காதவரும் உட்கார்ந்திருப்பார்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது பெயரும் தொகையும் மைக்கில் போவதைவிட, அசனப் பந்தியில்தான் ஸ்தோத்திர பலியின் சாயல் எனக்குத் தெரிகிறது. ஏலத்தை நான் குறை சொல்லவில்லை, பல சிறிய சபைகள் அதில்தான் ஆலயம் கட்டின. ஆனால் உங்கள் தொகையைப் பற்றி யாராவது பெயர் சொல்லிக் கேட்டால், வெட்கத்துக்காகக் கொடுத்துவிடாதீர்கள். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று ஆண்டவர் சொன்னது கமிட்டியாருக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது அப்போஸ்தலர் பவுல். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் அவர் பணம் சேர்த்தார். 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் முழுவதும் அந்த வசூலைப் பற்றியவைதான். நம்மிடம் காணிக்கை கேட்கிறவர்கள் அதில் இரண்டு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். முழுவதும் வாசித்தால் மனசு லேசாகும். மக்கெதோனியர் கொடிய தரித்திரத்தில் இருந்தும் தங்கள் திராணிக்கு மிஞ்சியும் கொடுத்தார்கள் என்று பவுல் சொல்கிறார். 'அப்படியானால் நானும் வளையலை வைக்கலாமே' என்பீர்கள். கவனியுங்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் இதில் பங்கு கொடுங்கள் என்று அவர்கள்தான் பவுலைக் கெஞ்சினார்கள். அவர்களுடைய தரித்திரத்தோடு கூடவே பரிபூரண சந்தோஷமும் இருந்தது என்று அதே வசனம் சொல்கிறது. கொரிந்தியருக்கோ பவுல் தெளிவாக எழுதுகிறார்: 'ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்.' உடனே அடுத்த வசனத்தில், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்பதற்காக அல்ல, சமநிலைக்காகவே சொல்கிறேன் என்கிறார். கடன் வாங்கிக் கொடுக்கச் சொல்லும் ஒரு வார்த்தைகூட அந்த இரண்டு அதிகாரங்களில் இல்லை. சேர்ந்த பணத்தைப் பற்றி யாரும் தன்னைக் குற்றம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று, சபைகள் தெரிந்துகொண்ட ஆளையும் கூடவே அனுப்புகிறார். அவ்வளவு கவனம்.

அந்தப் பகுதியில் நன்றி இரண்டு முனையிலும் நிற்கிறது. ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நமக்காகத் தரித்திரரான கிறிஸ்துவின் கிருபையை நினைப்பது ஒரு முனை. உதவி பெற்ற எருசலேம்காரர்கள் தேவனைத் துதிப்பது மறுமுனை. இடையில் இருப்பதுதான் பணம். கடைசியில், 'தேவன் அருளிய சொல்லிமுடியாத ஈவுக்காக அவருக்கு ஸ்தோத்திரம்' என்று முடிக்கிறார். ரோமருக்கு எழுதும்போது, புறஜாதியார், அதாவது யூதரல்லாத விசுவாசிகள், எருசலேமியருக்குக் கடனாளிகள் என்று பவுல் சொல்வதும் உண்மை. ஆவிக்குரிய நன்மைகளில் பங்கு பெற்றவர்கள் சரீர நன்மைகளால் உதவ வேண்டும் என்கிறார். ஆனால் அந்தக் கடன் மனிதருக்கு மனிதர் பட்டது, தேவனுக்குத் தவணை கட்டுவது அல்ல. தாவீதின் ஜெபத்தை நாம் ஞாயிறுதோறும் காணிக்கை படைக்கும்போது சொல்கிறோமே: 'உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்.' அவர் கையிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறவன் அவருடைய கடனை எப்படி அடைக்க முடியும்?

1563-இல் வெளியான ஹைடல்பர்க் வினாவிடை என்ற விசுவாசப் பாடப் புத்தகத்தில் மூன்று பாகங்கள் உண்டு. மனிதனுடைய துன்ப நிலை, அவனுடைய மீட்பு, அப்புறம் நன்றி. பத்துக் கட்டளைகளும் கர்த்தருடைய ஜெபமும் அந்த மூன்றாம் பாகத்தில்தான் வருகின்றன. கட்டளைக்குக் கீழ்ப்படிவதும் ஜெபிப்பதும்கூட மீட்பைச் சம்பாதிக்க அல்ல, மீட்கப்பட்டதற்கு நன்றியாக. காணிக்கைக்கும் அந்த இடம்தான்.

ஆகவே 'கொடுத்தால் நூறு மடங்கு' என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அது நன்றியைச் சீட்டு வியாபாரமாக்கிவிடுகிறது. நூறு மடங்கு வரும் என்று கொடுக்கிறவர் நன்றியாகக் கொடுக்கவில்லை, முதலீடு செய்கிறார். வராவிட்டால் தன்னையே நொந்துகொள்வார்; அந்த நோவு உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. இந்தப் பேச்சினால் நகையையும் நிலத்தையும் இழந்த ஏழைக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மிகவும் கோபம் வருகிறது. விதவை இரண்டு காசு போட்டதை மாற்கு 12-இல் ஆண்டவர் மெச்சுகிறார். அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை அவர் கண்டிக்கிறார். அந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

உங்கள் அம்மாவின் மருந்துப் பணத்தை மறுபடி இந்த மாதமே அனுப்பிவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மாற்கு 7-இல், தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார்! நீங்கள் நல்ல மனதோடுதான் செய்தீர்கள். ஆனால் ஆலயத்துக்குப் போன அந்தப் பணத்தில் ஒரு பகுதி உங்கள் அம்மாவின் மாத்திரை.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளில்தான் உங்கள் நன்றி உயிரோடு இருக்கிறது. ரத்தம் கொடுத்த பையன்களைப் பற்றியும் மேலப்பாளையத்து அம்மாவின் கஞ்சியைப் பற்றியும் எழுதும்போது, உங்களை யாரும் கேட்கவில்லை, நீங்களாகவே எழுதினீர்கள். அவர்களில் யாரும் உங்கள் சபையார் இல்லை. திரும்பி வந்த சமாரியனைப் போலவே, தேவனுடைய தயவை உங்களிடம் கொண்டுவந்தவர்களும் வெளியார்தான். அங்கிருந்து தொடங்குங்கள். நீங்களும் கணவரும் மகனும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, அந்த ஆஸ்பத்திரி நாட்களில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். இரவு ஷிப்ட்டில் வந்த நர்ஸ், ஆட்டோவைப் பார்த்துக்கொண்ட வாட்ச்மேன், ஊரில் ஆட்டுக்குத் தழை போட்டவர் யாராவது இருந்தால் அவரும். உபாகமத்தில் கூடையோடு கூடச் சொன்ன கதையைப் போல, உங்கள் வீட்டுக் கதையை மகனும் சொல்லப் பழகட்டும்.

2006-இல் மோனிகா பார்ட்லெட், டேவிட் டிஸ்டெனோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கம்ப்யூட்டர் பழுதாகி நின்றவருக்கு ஒருவர் வந்து சரிசெய்து கொடுப்பார். பிறகு சலிப்பான ஒரு வேலைக்கு உதவி கேட்கப்படும். நன்றி உணர்வில் இருந்தவர்கள், தங்களுக்கு உதவியவருக்கு மட்டுமல்ல, முன்பின் தெரியாதவருக்கும் கூடுதல் நேரம் செலவழித்து உதவினார்கள். பெற்றவர் கொடுத்தவருக்கே திருப்பித் தரும் வழி மட்டும் நன்றிக்கு இல்லை. பக்கவாட்டிலும் அது ஓடுகிறது. அந்தப் பையன்களை நீங்கள் இனிக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். ஆனால் உங்கள் கணவர் ஆரோக்கியமாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் ரத்தம் கொடுக்கலாம். உங்களுக்கு ரத்தசோகை இல்லையென்றால் நீங்களும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம், பரிசோதித்துத்தான் எடுப்பார்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. இதுவும் ஸ்தோத்திரக் காணிக்கைதான் என்று நான் முழு மனதோடு சொல்கிறேன்.

பணம் கம்மியாக இருந்தால் கொடுப்பதும் கம்மியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மெஞ்ஞானபுரம் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்நின்றார். 1912-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார். அங்கே அவருடைய சபையார் பெரும்பாலும் நிலமில்லாத தலித் கூலிகள். அவர்கள் வீட்டுப் பெண்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். மிசோரம் சபையிலும் 1910 முதல் இந்தப் பிடி அரிசிக் காணிக்கை இருக்கிறது. நம் ஊரிலும் கைப்பிடி அரிசி உண்டு. இப்போது பல வீடுகளில் அதற்குப் பதில் காணிக்கைக் கவர்தான் போகிறது. எனக்கு அந்த அரிசிதான் மேல் என்று படுகிறது. ஒவ்வொரு வேளையும் அடுப்பு மூட்டும்போது, இன்றைக்கும் உலை வைக்க அரிசி இருக்கிறது என்று நினைக்க வேண்டியிருக்கிறது. அந்த நினைப்போடு ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள். நினைப்பதும் கொடுப்பதும் ஒரே அசைவில் நடக்கிறது. நீங்களோ தினமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உலை வைப்பதைப் பார்த்துக்கொள்கிறவர். வீட்டு அரிசியில் இதை ஆரம்பித்துப் பாருங்கள். மாதக் கடைசியில் அதை ஆலயத்துக்கும் கொடுக்கலாம், தெருவில் தனியாக இருக்கும் முதியவருக்கும் கொடுக்கலாம்.

ஒன்றிரண்டு மாதத்தில் மனசு நிறையாவிட்டால் கலங்காதீர்கள். நன்றி உணர்வு வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று ஆண்டவர் நிபந்தனை போடவில்லை. விசனமாயும் கட்டாயமாயும் வேண்டாம் என்றுதான் பவுல் சொல்கிறார். உங்களைப் பிடித்திருக்கும் கட்டாயம் முதலில் போகட்டும்.

சேகர குருவிடம் என்ன சொல்வது என்று தயங்கினால் இப்படிச் சொல்லுங்கள்: 'ஐயா, இக்கட்டில் இவ்வளவு பொருத்தனை பண்ணினேன். 20,000 செலுத்திவிட்டேன். கடனும் அம்மாவின் மருத்துவச் செலவும் இருக்கிறது. லேவியராகமம் 27:8-இன்படி எங்கள் திராணிக்கு ஏற்றதை நீங்கள் சொல்லி, எங்கள் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்.' கணவரும் மகனும் கூட இருக்கட்டும். செலுத்தியது போதும் என்று அவர் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடி கணக்குப் பார்க்காதீர்கள். மாதம் 200 ரூபாய் என்று சொன்னால், அம்மாவுக்கு அனுப்பியது போக அது கையில் நிற்குமா என்று கணவரோடு பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். முழுத் தொகையும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினால் (அப்படிச் செய்ய மாட்டார் என்று நம்புகிறேன்) எனக்கு எழுதுங்கள். உங்கள் சம்மதத்தோடு நானே அவரிடம் பேசுகிறேன். அப்புறம், சொசைட்டி நகைக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய கெடு எப்போது என்று ரசீதைப் பாருங்கள். அதைத் தவறவிடாமல் கட்டி, நகையை ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்றுங்கள்.